மாறுவேடமும் நம்பிக்கையும்: ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’ தொடரை முன்வைத்து

பேட்ரிக் ஹாஸ்பர்க், ஸ்டீபன் ஜே. கேனல் ஆகியோர் உருவாக்கிய ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’ 1987 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 1991 வரை ஐந்து பருவங்களாக 103 அத்தியாயங்கள் ஒளிபரப்பானது. இளமைத் தோற்றம் காரணமாக ரோந்துப் பணியில் மதிப்புப் பெறாத டாம் ஹான்சன் (ஜானி டெப்), கைவிடப்பட்ட தேவாலயமொன்றில் இயங்கும் சிறப்புப் பிரிவுக்கு மாற்றப்படுகிறான். மாணவராக வேடமிட்டுப் பள்ளிகளுக்குள் நுழைவதே அப்பிரிவினரின் பணி. இது வெறுங்கற்பனையன்று, லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை 1974 முதலே இளங்காவலரை மாணவராகப் பள்ளிகளுக்கு அனுப்பிவந்தது.

போதைப்பொருள், எய்ட்ஸ், குடும்ப வன்முறை முதலியவற்றைப் பேசியமைக்காகவே இத்தொடர் பாராட்டப்படுகிறது. சில அத்தியாயங்களின் இறுதியில் நடிகர்களே தோன்றி உதவி எண்களை அறிவித்தனர். அக்கறை உண்மையானதே. ஆயினும் அவ்வக்கறை செயற்படும் வழியைத் தொடர் போதிய அளவு வினவவில்லை. மாணவன் தன் மறைவுகளை நண்பனென நம்பி ஒருவனிடம் சொல்கிறான்; அந்நண்பன் காவலன். குற்றவாளி பிடிபட்டதும் அத்தியாயம் முடிகிறது, அடுத்த வாரம் பள்ளி மாறிவிடுகிறது. ஏமாற்றப்பட்டவன் பெரும்பாலும் மீண்டும் திரைக்கு வருவதில்லை. வாரத்துக்கொரு வழக்கு என்னும் வடிவமே இம்மறதியை எளிதாக்கிவிடுகிறது எனலாம். (திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் ஒற்றரால் ஆராயப்பட வேண்டியோராக அரசின் பணியாளரையும் அரசனின் சுற்றத்தாரையும் பகைவரையும் சுட்டுகிறது, பள்ளிச் சிறாருக்கு அங்கு இடமில்லை.)

இரண்டாம் பருவத்தில் ஹாரி ட்ரூமன் அயோகியின் கதை மட்டும் இப்போக்கிலிருந்து விலகுகிறது. ஜப்பானிய வழியினனாக அறிமுகமான அவன், உண்மையில் 1975இல் சைகோனிலிருந்து தப்பிவந்த வியட்நாமியன் என்பது வெளிப்படுகிறது. ஹிரோஷிமாமீது குண்டு வீச ஆணையிட்ட குடியரசுத் தலைவரின் பெயரை ஒரு ‘ஜப்பானியன்’ தாங்கிநின்றதன் முரண் அப்போதுதான் பொருள் கொள்கிறது. அப்பாத்திரத்தை ஏற்ற டஸ்டின் நுயென்னும் சைகோனில் பிறந்து 1975இல் வெளியேறியவரே. அதனால் இவ்வத்தியாயத்தில் நடிப்புக்கும் வாழ்வுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறுகியது.

இங்கு மாறுவேடம் பணிக்கானதன்று, பிழைத்திருத்தலுக்கானது. எனவே பொய் அம்பலமானதும் அயோகியின் பதவியே கேள்விக்குள்ளாகிறது; உடன் பணியாற்றுவோர் அவன் தம்மை ஏமாற்றினானா என வினவுகின்றனர். பள்ளிதோறும் மாணவர் கேட்டிருக்க வேண்டிய வினா அது. காவலர் தமக்குள் கேட்டுக்கொள்ளும்போது அதற்கு முழு அத்தியாயம் வாய்க்கிறது. மாணவர்க்கோ, கைவிலங்கு பூட்டப்படும் கணத்தில் ஒரு பார்வை மட்டுமே.