காலமறிதலும் காலவுரிமையும்: குறளும் யூத அறமரபும்

முன்னுரை

வந்த வாய்ப்பைத் தவறவிடாமல் பயன்கொள்ள வேண்டும் என்பது நம் பள்ளிகளில் பலகாலமாக எழுதப்பெற்றுவரும் கட்டுரைப் பொருளாகும். அதற்குத் துணையாகத் திருக்குறளின் காலமறிதல் அதிகாரம் காட்டப்பெறுகிறது. யூத அறநூல்களும் இக்கருத்தை வலியுறுத்துவதால், இரண்டும் ஒன்றையே கூறுகின்றன என்று முடிவு செய்வது எளிது. அம்முடிவு முழுமையானதன்று என்பதே நம் கருத்து. காலம் யாருக்கு உரியது என்னும் வினாவைக் கொண்டு இரு மரபுகளையும் நோக்கி, பேராக் மாநிலக் கமுந்திங்கின் பின்னணியில் அவற்றைப் பொருத்திப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

குறள் காட்டும் காலம்

காலமறிதல் பொருட்பாலில் 49ஆம் அதிகாரமாக, வலியறிதலுக்கும் இடனறிதலுக்கும் இடையே அமைந்துள்ளது. இவ்வைப்பு முறையே அதன் பொருளை உணர்த்தும். பகைமேற் செல்ல எண்ணிய அரசன் அதற்கேற்ற காலத்தைத் தெரிதல் என்றே பரிமேலழகர் இவ்வதிகாரத்தை விளக்குகிறார். பகலில் கூகையை வெல்லும் காக்கை, தாக்குவதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடா, அசையாது காத்திருந்து குறிதப்பாமல் கொத்தும் கொக்கு ஆகிய உவமைகள் அனைத்தும் வலிமையுடையோரின் பொறுமையைக் காட்டுவன. கிடைத்தற்கரிய காலம் வாய்க்கும்போது செயற்கரியதைச் செய்துவிட வேண்டும் என்று 489ஆம் குறள் விரைவை வற்புறுத்துவதும் உண்மையே. ஆயினும், காத்திருக்கவும் செயற்படவும் உரிமையுள்ள ஒருவனையே இவ்வதிகாரம் முன்னிலைப்படுத்துகிறது. அவன் காலம் அவன் கையில் இருக்கிறது.

யூத மரபு காட்டும் காலம்

யூத மரபின் தொடக்கம் வேறானது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்கள் விடுதலை பெறும் நிகழ்ச்சியை யாத்திராகமம் கூறுகிறது. அவர்கள் எகிப்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, மாதங்களைக் கணக்கிடும் கட்டளை அந்நூலின் 12ஆம் அதிகாரத்தில் அவர்களுக்கு வழங்கப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உரையாசிரியர் ஒபதியா ஸ்போர்னோ இதற்கு நுட்பமான விளக்கம் தருகிறார். அடிமைநிலையில் அவர்களுடைய நாள்கள் பிறர் விருப்பத்திற்கும் பணிக்கும் உரியனவாக இருந்தன; இனி அவை அவர்களுக்கே உரியன என்பது அவர் கருத்து. உபாகமத்தின் 5ஆம் அதிகாரம் ஓய்வுநாளின் காரணத்தை எகிப்திய அடிமைவாழ்வின் நினைவோடு இணைத்து, பணியாளருக்கும் அவ்வோய்வை உரிமையாக்குகிறது. காலத்தைப் பயன்கொள்ளுதல் என்னும் அறம் காலவுரிமையின் மேல் எழுப்பப்பட்டிருப்பதை இவற்றால் அறியலாம்.

இவ்வடிப்படையில்தான் 'பிர்கே ஆவோத்' என்னும் முன்னோர் மொழித்தொகுப்பை நோக்க வேண்டும். இது கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவின் ஒரு பகுதி. அதில் ஹில்லேல் என்னும் அறிஞர் தன்பொருட்டு நிற்றல், பிறர்பொருட்டு நிற்றல், தாழ்த்தாமை ஆகிய மூன்றையும் மூன்று வினாக்களாக அடுக்குகிறார். முதலிரண்டு கடமைகளும் மூன்றாம் வினாவுக்கு முன்னே நிற்பதால், அங்கு வாய்ப்பு என்பது தனிமனித முன்னேற்றத்தோடு முடிவதில்லை. ஓய்வு கிடைத்தபின் கற்கலாம் என்று கல்வியைத் தள்ளிப்போடுவதையும் ஹில்லேல் கண்டிக்கிறார். அவ்வோய்வு வாராமலே போகலாம் என்பது அவர் கூறும் காரணம். தர்போன் என்னும் மற்றோர் அறிஞர் வாழ்வைக் குறுகிய பகலாகவும் மனிதரைக் கூலியாள்களாகவும் உருவகிக்கிறார். பணியை முடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் அதனைக் கைவிடும் உரிமையும் இல்லை என்பது அவர் துணிபு.

கமுந்திங்கின் பின்னணியில்

தைப்பிங்கை அடுத்துள்ள கமுந்திங் முதலில் கிளியான் பாரு எனப்பட்ட ஈயச் சுரங்க ஊராகும். பின்னர் ரப்பர் பேராக்கின் பெருந்தொழிலாயிற்று. குளிர்ந்த விடியற்பொழுதில் பால் மிகுதியாக வடியும். வெயில் ஏறினால் குறையும். ஆதலின் பால்மரம் சீவுவோர் இருள் விலகுமுன் பிரட்டுக் களத்தில் நின்றனர். மரத்தின் பொழுதையும் மழையின் குறியையும் அவர்கள் நன்கறிந்திருந்தனர். எனினும் அவ்வறிவின் பயன் பிறருக்கே சென்றது. நாளைப் பகுத்தது தோட்ட நிருவாகத்தின் மணி. காலமறிதல் அவர்களிடம் இருந்தது, காலவுரிமை இருக்கவில்லை. இந்நிலையில் வாய்ப்பைப் பயன்கொள்ளவில்லை என்று அவர்களைக் குறைகூறுவது குறளின் அரசனுக்குரிய அளவுகோலால் கூலியாளை அளப்பதாகும்.

கமுந்திங் என்றவுடன் நினைவுக்கு வரும் மற்றொன்று தடுப்பு முகாம். 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வழக்கு விசாரணையின்றி இரண்டாண்டுக் காலம் ஒருவரைத் தடுத்து வைக்கவும், அக்காலத்தை மேலும் நீட்டிக்கவும் இடமளித்தது. 2012ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. மனிதரின் காலம் எவ்வாறு பறிக்கப்படும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 2007ஆம் ஆண்டு டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் இச்சட்டத்தின்கீழ்க் கைதாயினர். அவர்களுள் ஒருவரான எம். மனோகரன், கமுந்திங்கில் இருந்தவாறே 2008ஆம் ஆண்டு மார்ச்சுத் தேர்தலில் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வெற்றி பெற்றார். வெளியே இருந்தோர் தம் காலத்தைப் பிறர்பொருட்டுச் செலவிட்டதால் உள்ளே இருந்தவருக்கு வாய்ப்பு உண்டாயிற்று. ஹில்லேலின் முதலிரு வினாக்களின் ஆற்றலை இந்நிகழ்ச்சியிலும் காணலாம்.

முடிவுரை

இவ்வொப்பீட்டினால் குறளின் பெருமை குறைந்துவிடுவதில்லை. காலமும் இடமும் அறிந்து முயன்றால் உலகமும் கைகூடும் என்னும் அதன் நம்பிக்கை நம் மாணவருக்கு இன்றியமையாதது. ஆனால் அந்நம்பிக்கை பயன்தர வேண்டுமாயின், அரசனின் காலம் அவர்களுக்கும் கிடைத்தல் வேண்டும். தோட்டங்களில் பிறந்தோரின் பெயரப்பிள்ளைகள் இன்று நகரங்களில், பெற்றோரின் தொழிற்சாலை வேலைமுறைக்கேற்ப உண்டு உறங்கிக் கற்கின்றனர். படிக்க நேரமில்லை என்று அத்தகைய மாணவர் கூறும்போது, அதனைச் சோம்பல் என்று தள்ளுமுன் அவர் நேரம் யாரிடம் இருக்கிறது என்று ஆசிரியர் வினவுதல் நன்று. வீட்டில் தம்பி தங்கையரைக் காக்கும் மாணவிக்குப் பள்ளியில் ஒருமணி நேர அமைதியை ஒதுக்கித் தருவதும் காலமறிதலைக் கற்பிப்பதேயாகும். அப்பணி ஓர் ஆசிரியரின் பணிக்காலத்திற்குள் முடிந்துவிடாது. எனினும் தர்போன் கூறியவாறு, அதனைக் கைவிடும் உரிமை நமக்கில்லை.