விஸ்கியும் கரண்டியும்: மூன்று கலவைகள், பல பாணிகள்

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த இதழ் ஒன்று, 1806இல் வாசகர் கேள்விக்குப் பதிலாகக் காக்டெய்லுக்கு இலக்கணம் வகுத்தது: ஏதேனும் ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். விஸ்கியைக் கரண்டியால் கலக்கித் தரும் பானங்கள் இன்றும் அந்த நான்கைச் சுற்றியே நிற்கின்றன. பிணக்கெல்லாம் எந்த மது, எந்த இனிப்பு என்பதில்தான்.

இலக்கணத்துக்கு மிக அருகில் இருப்பது ஓல்ட் ஃபேஷன்ட். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அளவு: 45 மி.லி. பர்பன் அல்லது ரை விஸ்கி, ஒரு சர்க்கரைக் கட்டி, சில டேஷ் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ், கொஞ்சம் தண்ணீர். ஆரஞ்சுத் தோலின் வாசனையே போதும் என்பது ஒரு கட்சி; ஆரஞ்சுத் துண்டையும் செர்ரியையும் நசுக்கிப் போடுவது இன்னொரு கட்சி. விஸ்கான்சின் மாநிலத்தாரோ விஸ்கியையே விட்டுவிட்டு பிராந்தி ஊற்றி, மேலே சோடா நிரப்புகிறார்கள்.

மன்ஹாட்டனில் சர்க்கரையின் இடத்தை வெர்மூத் பிடித்தது. சர்ச்சிலின் தாயார் 1874இல் நியூயார்க்கில் அளித்த தேர்தல் வெற்றி விருந்தில் அது பிறந்ததாக ஒரு கதை உண்டு. அந்த நவம்பரில் அவர் இங்கிலாந்தில் மகனைப் பெற்றெடுத்துக்கொண்டிருந்தார். 1884இல் வந்த ஓ.எச். பைரனின் கையேடு இரண்டு மன்ஹாட்டன்களைத் தருகிறது. ஒன்றில் பிரெஞ்சு வெர்மூத், மற்றதில் இத்தாலிய வெர்மூத். இன்றைய சங்க அளவு 50 மி.லி. ரை, 20 மி.லி. இனிப்பு வெர்மூத், ஒரு டேஷ் அங்கோஸ்டுரா.

ரையின் காரம் வெர்மூத்தின் தித்திப்பை அடக்கும். பர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் பானம் மென்மையாகிறது. 1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்குக்குப் பின் ரை நொடித்துப்போக, பர்பனும் கனடா விஸ்கியும் அந்த இடத்துக்கு வந்தன.

செய்முறையில் மட்டும் எல்லாக் கட்சிகளும் ஒன்று: குலுக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு சேர்ந்த பானங்களுக்குத்தான் குலுக்கல். இங்கே குலுக்கினால் காற்றுக் குமிழ் ஏறித் தெளிவு கெடும். ஐஸ் உருகுவதால்தான் குளிர் வருகிறது. குளிர் வேண்டுமென்றால் தண்ணீரும் கூடவே வரும். ஈரம் சொட்டும் ஐஸைப் போட்டால், குளிரும் முன்பே பானம் நீர்த்துவிடும். தேர்ந்த கை, உலர்ந்த பெரிய கட்டிகளைப் போட்டு அரை நிமிடம் கலக்கி, ருசி பார்த்து நிறுத்தும்.

நியூ ஆர்லியன்ஸின் சாஸரக் இதே முறையில் கலக்கப்பட்டு, அப்சிந்த் தடவிய கோப்பையில் ஐஸ் இல்லாமல் பரிமாறப்படுகிறது. லூசியானா சட்டமன்றம் 2008இல் அதை அந்நகரின் அதிகாரபூர்வ காக்டெய்லாக அறிவித்தது. சங்கப் பட்டியல் அதற்குச் சொல்வது 50 மி.லி. கோன்யாக், நியூ ஆர்லியன்ஸ் பார்களில் பெரும்பாலும் ஊற்றுவது ரை.