அன்னமானால்தான் அணைப்பா?

டென்மார்க்கின் ஆன்டர்சன் 1843-இல் எழுதிய அழகற்ற வாத்துக் குஞ்சின் கதை, இன்று படநூலாய் உலகெங்கும் உலவுகிறது. பண்ணை முற்றத்துக் குஞ்சொன்று உருவால் வேறுபட்டது. வாத்துகள் கொத்தின, கோழிகள் குத்தின, தீனியிடும் பெண்ணும் உதைத்தாள். வேற்றுமையை ஏற்கக் கற்பிக்கும் கதை என்று இதனைப் போற்றுவர். நாமும் போற்றுகிறோம், பாதிவரை!

முடிவைப் பாருங்கள். குஞ்சு அன்னமாகிறது, அன்னங்கள் அதனை வரவேற்கின்றன. கொத்திய வாத்துகள் திருந்தினவா? பண்ணை மாறிற்றா? இல்லையே! அன்னத்தின் முட்டையில் பிறந்ததே அதன் மீட்சிக்குக் காரணம். அழகற்ற வாத்தாகவே வளர்ந்திருந்தால் அதன் கதி என்ன? செருப்புத் தைப்பவரின் மகனாய்ப் பிறந்து ஏழ்மையில் உழன்ற ஆன்டர்சனே, பிறப்பின் பெருமையில் கதையை முடித்தது வேதனையன்றோ!

1936-இல் அமெரிக்கரான மன்ரோ லீஃப் எழுத, ராபர்ட் லாசன் படம் வரைந்த ஃபெர்டினாண்ட் காளையின் கதை இதனினும் உயர்ந்தது. முட்டி மோதாமல் மர நிழலில் பூமணம் நுகரும் அக்காளை, இறுதிவரை மாறவில்லை. தாய்ப்பசுவும் அதனை அதன் போக்கில் வாழவிடுகிறது.

திருவெண்ணெய்நல்லூர் வகுப்பறையிலும் கருப்பன், குட்டையன், திக்குவாயன் என்று எள்ளும் குரல்கள் உண்டு. அங்கே இரு கதைகளையும் சொல்வோம். சொன்னபின், "குஞ்சு வாத்தாகவே இருந்திருந்தால் கொத்தலாமா?" என்று கேட்போம். எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒன்றே என்ற வள்ளுவர் நெறிக்கு அக்கேள்வியே முதற்பாடம்.