மெய்ப்பாடும் மெய்நிகர் அரங்கும்

'மெய்நிகர்' என்னும் சொல் இன்று பாடநூல் வரைக்கும் வந்து அமர்ந்துவிட்டது. கணினிக்குள் படைக்கப்பெற்ற உலகங்களையும், அவ்வுலகங்களில் மனிதர்க்குப் பதிலாக நடமாடும் உருக்களையும் சுட்டுவதற்கு நம்மவர் ஆக்கிக்கொண்ட நல்ல சொல் அது. எனினும், மாணாக்கர்க்கு அதனைப் பிரித்துப் பொருள் கூறப் புகும் ஆசிரியர் ஒரு கணம் தயங்கவே செய்வார். மெய் என்பது உண்மையையும் குறிக்கும், உடம்பையும் குறிக்கும். உண்மைக்கு நிகரான உலகமா, உடம்புக்கு நிகரான உலகமா? ஓவியரும் பாடகரும் ஆடற்கலைஞரும் தம் கலையை அவ்வுலகங்களிற் கொண்டு வைக்கத் தொடங்கிவிட்ட இந்நாளில், இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

கலையின் பயனை உடம்பிற் கண்டது நம் மரபு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியர் வகுத்த எட்டும் மெய்ப்பாடுகள் என்றே பெயர் பெற்றன. உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு. ஆடுவோர் மெய்யில் தோன்றியது காண்போர் மெய்யிலும் சென்று தோன்றும்போதுதான் கலை நிகழ்ந்தது என்கிறோம். அதற்கு இருவர் வேண்டும். இருவரும் ஓரிடத்தில், ஒரே வேளையில் இருத்தல் வேண்டும். மெய்நிகர் அரங்கை இந்த அளவுகோல் கொண்டு அளந்து பார்த்தல் தமிழாசிரியர்க்குரிய பணி என்றே கருதுகிறேன்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், உலகமே கதவடைத்துக் கிடந்தபோது, டிராவிஸ் ஸ்காட் என்னும் அமெரிக்கப் பாடகர் 'ஃபோர்ட்நைட்' என்னும் கணினி விளையாட்டின் உலகத்துள் நிகழ்ச்சியொன்று வழங்கினார். ஒரே வேளையில் அங்குக் கூடியோர் 1 கோடியே 23 இலட்சம் பேர். நம் பள்ளியிற் பயின்று சென்ற மாணவன் ஒருவன் அதைப் பற்றிப் பின்னொரு நாள் என்னிடம் கூறினான். "பார்த்தேன் ஐயா" என்று அவன் சொல்லவில்லை. "நானும் அங்கே இருந்தேன் ஐயா" என்றான். 'இருந்தேன்' என்னும் அவ்வொரு வினைமுற்றை எளிதில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வானொலியில் கச்சேரி கேட்டவரோ தொலைக்காட்சியில் நடனம் கண்டவரோ அவ்வாறு சொல்லி நான் கேட்டதில்லை. அவன் உருவும் அவன் நண்பர் உருவும் அருகருகே நின்று குதித்தன, அது பொய்யன்று.

ஆனால், அங்கே இல்லாதவர் பாடகரே. நிகழ்ந்தது முன்னரே அமைத்து வைத்த ஏறத்தாழப் பத்து நிமிடக் காட்சி. கோடிப் பேரும் ஒரு திரளாய் நிற்கவும் இல்லை. ஏறத்தாழ ஐம்பது ஐம்பது பேராகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கூட்டத்தின் முன்னும் அதே பேருருவம் தோன்றி மறைந்தது. அவை இருந்தது, ஆடுவோன் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. மார்கழி இசைவிழா இணையத்திற்கு மாறிற்று. மியூசிக் அகாடமியும் தன் கச்சேரிகளை இணையவழியே வழங்கிற்று. வித்துவான் உடம்போடு மேடையில் இருந்தார். தொடையில் தாளம் போடும் கைகள் எதிரே இல்லை. தனியாவர்த்தனம் முடிந்து கோர்வை வந்து சேரும் இடத்தில் எழ வேண்டிய ஆரவாரத்திற்குப் பதிலாக ஓர் அமைதி நிலவிற்று. கேட்டோர்க்கு அது எவ்வாறிருந்ததோ, எனக்குத் தலைப்படியில் காலை வைத்து அங்கே படியில்லாமற் போனது போல இருந்தது.

இவற்றைக் கொண்டு மெய்நிகர் அரங்கைப் பழித்துரைப்பார் பலர். அவருட் பெரும்பாலார் உண்மையான அரங்கம் தம் வீட்டருகே வாய்க்கப் பெற்றவர். 1981இல் தோன்றி இன்று பிரிக்பீல்ட்ஸில் இயங்கிவரும் டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்கள் நம் சமுதாயத்துக்குப் பெருமை தருவன. ஆயின், ஜெஞ்சாரோமிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவு. செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் தந்தைக்கு மகளை அங்கே அழைத்துச் சென்று மீள்வது ஒருநாட் கூலியை இழப்பதாகும். 2020 மார்ச் 18 தொடங்கி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்த காலத்தில், இணையவழி நடனப் போட்டி ஒன்றில், அதுவரை எந்த மேடையும் ஏறாத சிறுமி ஒருத்தி எங்கள் வட்டாரத்திலிருந்து பங்குகொண்டாள். ஆடி முடித்து அவள் வணங்கினாள். கைதட்டல் இல்லை, எதிரே நின்ற தாயின் இரு கைகளும் கைப்பேசியைப் பிடித்திருந்தன. அந்த வாய்ப்பு வேண்டாவென்று கூற எனக்கு வாய் வரவில்லை. அந்த அமைதி போதுமென்று கூறவும் வரவில்லை.

இனி, தமிழர் பெயரே முன்நின்ற நிகழ்ச்சிக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில், பீப்பிள் என்னும் அமெரிக்கக் கலைஞர் 2007 முதல் நாளுக்கொன்றாகப் படைத்த 5000 படங்களின் தொகுப்பு 69.3 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு விலைபோயிற்று. வாங்கியவர் 'மெட்டகோவன்' என்னும் புனைபெயரினர். தமிழ்நாட்டிற் பிறந்து சிங்கப்பூரில் வாழும் விக்னேஷ் சுந்தரேசன் என்பது பின்னர் வெளிப்பட்டது. கோவன் என்றால் அரசன். மெய்நிகர் உலகத்து அரசன் என்பது கருத்து. (நிகண்டு பயின்றோர், அச்சொல் ஆயனையும் குறிக்கும் என்பதை நினைவு கூர்வர்.) நிறத்தாலும் பிறப்பாலும் மேலை ஏலக்கூடங்களுக்கு அயலாராக நின்ற இந்தியரும் கலைப்புரவலர் ஆகலாம் என்று காட்டுவதே தம் நோக்கமென அவரும் அவர்தம் தோழரும் அறிவித்தனர். அந்நோக்கத்தை நான் பாராட்டுகிறேன்.

ஆயினும் அதற்குச் சற்று முன் நடந்ததையும் நோக்க வேண்டும். 2020 டிசம்பரில் அவர் அதே கலைஞரின் இருபது படைப்புகளை ஏறத்தாழ 22 இலட்சம் வெள்ளிக்கு வாங்கினார்; டிசென்ட்ராலேண்ட், கிரிப்டோவாக்சல்ஸ், சோம்னியம் ஸ்பேஸ் என்னும் மூன்று மெய்நிகர் உலகங்களில் நிலம் பெற்று, காட்சியகங்கள் கட்டுவித்து, அவற்றை அங்கே வைத்தார். யாரும் கட்டணமின்றி உள்ளே உலவலாம். பெருஞ்செயலே. ஆனால் படைப்புகளும் காட்சியகங்களும் சேர்த்து ஒரு கோடிப் பங்குகளாகக் கூறிடப்பட்டன. அரை வெள்ளிக்கும் குறைவாகத் தொடங்கிய பங்கின் விலை, மார்ச் ஏலத்தை ஒட்டி இருபது வெள்ளிக்கு மேல் ஏறிற்று. சில திங்களுள் பெரிதும் சரிந்தது. அக்காலத்துச் செய்திகளைப் படித்தால், படங்களைப் பற்றிய பேச்சினும் பங்குகளைப் பற்றிய பேச்சே மிகுதி. படத்தின் முன் நின்று ஒருவர் என்ன உணர்ந்தார் என்று தேடினேன். மிகச் சிலவே அகப்பட்டன.

சிலப்பதிகாரம் பயின்றோர்க்கு இது புதிய கதையன்று. அரங்கேற்று காதையில் மாதவி ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடுகிறாள். தலைக்கோலும், பச்சை மாலையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அதன்பின் நடப்பதை நம் வகுப்பறைகளில் விரைந்து கடந்துவிடுகிறோம். அம்மாலை கூனி ஒருத்தியின் கையில் நகர நம்பியர் திரியும் மறுகிற்கு வருகிறது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சுக்கு அதனை வாங்குவோன் மாதவிக்குக் கொழுநன் ஆவான் என்று விலை கூறப்படுகிறது. கோவலன் வாங்குகிறான். அந்த மாலை ஆடலன்று, ஆடியவளும் அன்று. அது ஓர் உரிமைக்குறி. கிறிஸ்டீஸ் ஏலத்தில் கைமாறியதும் ஏறத்தாழ அத்தகையதே; அந்தத் தொகுப்பின் படியை இன்றும் எவரும் பார்க்கலாம்.

வேறுபாடும் உண்டு, அதுவே முதன்மையானது. புகாரில் அங்காடி அரங்கிற்குப் பின்னர் வந்தது. மாலைக்கு விலை கூறுமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர் என ஒவ்வொருவர்க்கும் இலக்கணம் கூறுகிறார் இளங்கோவடிகள். அரசன் முன்னிலையில் கலை மெய்ப்பிக்கப்பட்டது. மெய்நிகர் காட்சியகத்திலோ, அவை கூடுமுன் விலை கூடிவிட்டது. 'நன்று' என்றும் 'நன்றன்று' என்றும் சொல்லவல்ல கூட்டம் ஒன்று அங்கே உருவாவதற்குக் காலமே தரப்படவில்லை. என் குறை அவ்வுலகின் பொய்ம்மை பற்றியதன்று. நாடக மேடையில் வரையப்பட்ட காடும் பொய்தான்.

இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் இயக்கி, 2022இல் கான் விழாவில் காட்டப்பெற்ற 'லெ மஸ்க்' என்னும் மெய்நிகர்த் திரைப்படம் இவ்வகையில் சிந்திக்கத்தக்கது. 36 நிமிடம் ஓடும் அப்படத்தைக் காண்போர் அசையும் இருக்கையில் அமர்வர். கதைக்கேற்ற நறுமணமும் அவர்க்கு ஊட்டப்படும். கண்ணையும் காதையும் மட்டும் ஏமாற்றினாற் போதாது, மூக்கும் முதுகும் கலங்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருக்கிறார். மெய்ப்பாட்டியலை நோக்கி வேறொரு வழியாக நடந்து வருகிறார் எனலாம். எங்கள் ஜெஞ்சாரோமில் டோங் சென் ஆலயத்துப் புத்தாண்டு விளக்குகளைப் படமெடுத்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். ஆயினும் அடுத்த ஆண்டும் சாலை நெரியத்தான் செய்கிறது.

ஆறாம் ஆண்டு மாணாக்கர் சிலருக்கு மாதவியின் அரங்க அளவுகளைக் கூறினேன். கைப்பெருவிரல் இருபத்துநான்கு கொண்டது ஒரு கோல். அகலம் ஏழு கோல், நீளம் எட்டு, குறட்டின் உயரம் ஒன்று, அதன்மேல் நான்கு கோலில் உத்தரப் பலகை, வாயில் இரண்டு. அவர்கள் 'மைன்கிராப்ட்' விளையாட்டில் ஒரு கோலுக்கு ஒரு கட்டியாக வைத்து அதனைக் கட்டிவிட்டனர். தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைக்க வேண்டும் என்பது காப்பியச் செய்தி. அவர்கள் விளக்கை எங்கெங்கோ மாற்றி வைத்துப் பார்த்தனர். அவ்வுலகில் தூணுக்கு நிழலே விழவில்லை. "பிறகு ஏன் ஐயா அதைச் சொல்லி வைத்தார்?" என்றாள் ஒரு மாணவி. பள்ளி மண்டபத்திற்கு அழைத்துச் சென்று, ஒரு விளக்கை மட்டும் ஏற்றித் தூணருகே அவளை நிற்க வைத்தேன். அவள் முகத்தில் பாதி தெரியவில்லை என்று மற்றவர்கள் கூவினர்.

மறுவாரம் பார்த்தபோது, கணினியில் அவர்கள் கட்டிய அரங்கின் முன் இருக்கைகள் முளைத்திருந்தன. முன்வரிசையில் யார் அமர்வது என்பதில் எழுந்த பூசல் இன்னும் தீரவில்லை.