போகிற போக்கில் எடுத்த படங்கள்

கதைக்கு விமரிசனம் எழுதுகிறோம். கவிதைக்கு எழுதுகிறோம். சினிமாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், படம் வெளிவருவதற்கு முன்பே எழுதிவிடுகிறோம். ஆனால் கதையையும் கவிதையையும் ஒரு தட்டில் வைத்தாலும் ஈடாகாத அளவுக்கு இன்று நாட்டில் உற்பத்தியாகும் ஒரு சரக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காலையிலோ மாலையிலோ ஊருக்கு வெளியே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறவர்கள், நடக்கிற நடையிலேயே செல்போனை நீட்டி, ஒரு பூவையோ குருவியையோ மேகத்தையோ பிடித்துக்கொண்டு வருகிறார்களே, அந்தப் படங்களைத்தான் சொல்கிறேன். பார்த்தவர்கள் "அடடா!" என்கிறார்கள். அதற்கும் பொழுதில்லாதவர்கள் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார்கள். இரண்டும் விமரிசனம் ஆகாது.

"பொழுதுபோக்குக்காக எடுப்பதற்கெல்லாம் விமரிசனமா?" என்று கேட்கலாம். பொழுதுபோக்குக்காக எழுதின தொடர்கதைகளை நாம் விட்டா வைத்தோம்? லட்சம் பேர் ஆசையோடு செய்கிற ஒரு காரியத்தில் சத்து எது, சக்கை எது என்று பார்ப்பது அவர்களுக்குச் செய்கிற மரியாதைதான்.

மதுரை நண்பர் ஒருவர், பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அரிட்டாபட்டிப் பக்கம் நடந்துவிட்டு வந்து எனக்கு அறுபது எழுபது படங்கள் காட்டினார். அரிட்டாபட்டி மேலூருக்கு அருகில் உள்ள கிராமம். ஏழு பாறைக் குன்றுகள், இடுக்குகளில் சுனைகள், அடிவாரத்தில் கண்மாய்கள். குன்றிலே சமணர் படுக்கையும் தமிழ்பிராமி எழுத்தும் இருக்கின்றன. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கிறது. எந்தப் பக்கம் காமிராவை நீட்டினாலும் ஒரு படம் விழுந்துவிடும். இந்த மாதிரி இடங்களில் அதுதான் ஆபத்து.

நண்பர் முதலில் காட்டியது ஓர் ஆவாரம்பூ. கைக்கெட்டும் தூரத்தில் வைத்து எடுத்தது. ஒவ்வொரு இதழும், இதழில் ஓடும் நரம்பும் துல்லியமாகத் தெரிகின்றன. பின்னால் பச்சையும் தவிட்டு நிறமும் கலந்து குழம்பின ஒரு பனிமூட்டம். அழகாக இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது அரிட்டாபட்டி ஆவாரையா, ஆண்டிப்பட்டி ஆவாரையா, ஜவுளிக்கடைக் காலண்டரில் பூத்த ஆவாரையா என்று கேட்டால் படத்தில் பதில் இல்லை. ஆவாரைக்கு அழகு எங்கிருந்து வருகிறது? சரளைக் கல்லும் செம்மண்ணும் காய்ந்து கிடக்கிற காட்டில், எந்தத் தோட்டக்காரனுடைய தயவும் இல்லாமல், அது மட்டும் மஞ்சளைக் கொட்டிக்கொண்டு நிற்கிறதே, அதிலிருந்துதான். சரளையைத் துடைத்து எறிந்துவிட்டால் மஞ்சளிலும் பாதி போய்விடுகிறது.

அப்புறம் ஒரு படம் வந்தது. "இது வீணாய்ப் போன படம் சார், அழிக்க மறந்துட்டேன்" என்று அவசரமாகத் தள்ளப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அடிவானம் கோணலாக இருந்தது. நடுவில் ஒரு கண்மாய். ஓரத்தில் மூன்று வெள்ளாடு. மூன்றாவதற்குப் பின்பாதி மட்டும்தான். குன்றின் நெற்றியில் குறுக்கே ஒரு மின்சாரக் கம்பி. அறுபது எழுபது படங்களில் நான் அதிக நேரம் பார்த்தது இதைத்தான். மடைக்கல்லில் தண்ணீர் முன்பு எதுவரை நின்றது என்பதற்கு ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. இப்போது அதற்கு இரண்டு சாண் கீழே நிற்கிறது. கரையில் வரிசையாகப் பனை, அவற்றில் இரண்டு மொட்டை. எதிர்க்கரையில் சீமைக் கருவேல் கண்மாயின் வயிற்றுக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டது. ஆடுகள் இறங்கி இறங்கி ஒரு பக்கம் கரை சரிந்திருக்கிறது. தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, கொக்காக இருக்கலாம். அந்த ஊர் விவசாயி ஒருவரிடம் காட்டினால் அது எந்த மாதம், அந்த வருஷம் எப்படிப் போயிற்று என்றெல்லாம் சொல்லிவிடுவார்.

நண்பர் இதில் எதையும் எடுக்கவில்லை. அவர் எடுத்தது ஆட்டை. மற்றதெல்லாம் கூப்பிடாமல் வந்து நின்றவை. காமிராவின் பெரிய பாக்கியம் இது என்பது என் அபிப்பிராயம். கதை எழுதுகிறவனுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. நான் எழுதாத பனை என் கண்மாய்க் கரையில் முளைக்காது. நான் கட்டாத மடையில் தண்ணீர் நிற்காது. பத்துப் பக்கம் வர்ணித்தாலும் நான் கவனித்தது மட்டும்தான் அதில் இருக்கும். கவனிக்காததையும் சேர்த்துக்கொண்டு வருகிற சாமர்த்தியம் அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டுக்குத்தான் உண்டு. அப்படி வந்ததை விரட்டி அடிப்பதற்கு ஏன் இத்தனை பிரயாசை?

விரட்டுவதற்கு இப்போது கருவிகள் நிறைய வந்துவிட்டன. பின்புறம் மங்கலாக விழுவது பழைய காமிராக்களிலும் உண்டு. லென்ஸை அகலத் திறந்தால் ஒரு தூரத்தில் உள்ளது தெளியும், மற்றது கலங்கும். அது ஒளியின் குணம். செல்போன் செய்கிற மங்கல் வேறு. எது முன்னால், எது பின்னால் என்று கணக்குப் போட்டு அனுமானித்து, பின்னால் என்று தோன்றியதை அழித்துக் குழப்புகிறது. கணக்குத் தப்பினால் தும்பியின் இறக்கை நுனியையும் சேர்த்துத் தின்றுவிடும். 2021-ல் விரலால் தேய்த்தால் வேண்டாத ஆளையும் கம்பியையும் படத்திலிருந்து மாயமாக்கும் வசதி ஒரு போனில் வந்தது. பிறகு பல போன்களில் வந்துவிட்டது. 2023-ல் இன்னொரு வேடிக்கை. ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கித் திரையில் வைத்து, அதைத் தம் போனில் படம் பிடித்தார். மூலத்தில் இல்லாத பள்ளமும் மேடும் போன் எடுத்த நிலவில் தெளிவாக வந்துவிட்டன! நிலவு இப்படித்தான் இருக்கும் என்று போனுக்குப் பாடமாகியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்முடைய தொடர்கதைகளில் காதலர்கள் சந்திக்கிற இரவுகளிலெல்லாம் பூரண சந்திரன்தானே? தேய்பிறையில் காதலித்தவர்களை நான் அதிகம் படித்ததில்லை. எழுத்தாளன் வானத்தை நிமிர்ந்து பார்க்காமல் பாடத்திலிருந்து நிலவை எடுத்து ஒட்டினான். இப்போது அதே காரியத்தை யந்திரமும் கற்றுக்கொண்டிருக்கிறது.

படத்தைத் திருத்துவது புதுப் பழக்கம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். அரிட்டாபட்டியிலிருந்து மதுரைக்குத் திரும்புகிற வழியில் படுத்திருக்கிற யானைமலையையும் எடுத்தார். அக்காலத்து ரசாயனம் நீல நிறத்தைக் கண்டால் தாங்காது. வானம் முழுவதும் வெறும் வெள்ளையாக விழுந்துவிடும். ஆகவே ட்ரைப் சில நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டினார். அதை நான் பெரிய குற்றமாக எண்ணவில்லை. இருந்த வானத்தைக் காமிரா வாங்கிக்கொள்ள முடியாதபோது அவர் ஈடு கட்டினார். இருந்தாலும் 1858-ல் யானைமலைக்கு மேல் எந்த மேகம் நின்றது என்று யாராவது அவரிடம் சாட்சி கேட்டால் அது பொய்ச் சாட்சிதான். அதே படங்களில் அவர் தொடாமல் விட்ட கல்லும் தரையும் மெய்ச் சாட்சி.

சாட்சி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் ஒரு படத்துக்கு அப்படி ஒரு யோகம் வாய்த்தது. மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் லோவெல் என்ற ஊரின் இடுகாட்டில், 1868 மே 30-ந் தேதி, உள்நாட்டு யுத்தத்தில் இறந்த வீரர்களுக்கு நினைவு நாள் கொண்டாடினார்கள். யாரோ அதைப் படம் எடுத்தார்கள். எடுத்தவருக்கு அந்தச் சடங்குதான் முக்கியம். மரங்கள் தற்செயலாக விழுந்தவை. அந்த மரங்களில் இலை இல்லை. 2005-ல் அதே மே 30-ந் தேதி அதே இடத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மரங்கள் இலை அடர்ந்து நின்றன. ஒரு படத்தை வைத்துக்கொண்டு உலகம் சூடாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. விஞ்ஞானிகளும் அப்படிச் சொல்லவில்லை. இத்தகைய பல படங்களையும் உலர்த்தி வைத்த பழைய செடிகளையும் வெப்பக் கணக்குகளோடு சேர்த்துப் பார்த்து, வசந்தம் முன்னால் நகர்ந்துகொண்டிருப்பதை இப்படியும் கண்டுகொள்ளலாம் என்று 2006-ல் எழுதினார்கள். இலையில்லாத கிளைகள் பார்க்க நன்றாக இல்லை என்று அன்றைக்கே யாராவது படத்தின் மேல்பாதியை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் பக்கத்திலும் ஓர் ஆசாரியர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் பிள்ளை, மா. கிருஷ்ணன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவைக் கட்டிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்தார். யானைகளைக் காட்டுக்கே போய் எடுத்தார். கலர் பக்கமே போகாமல் கடைசிவரை கறுப்பு வெள்ளை. நான் பார்த்த அவருடைய படங்களில் யானை எந்தப் புல்லில் நிற்கிறது, எந்த மரத்தடியில் நிற்கிறது என்பதும் தெரிகிறது. காடு அங்கே திரைச்சீலையாகத் தொங்கவில்லை. யானையைப் போலவே அதுவும் ஒரு பாத்திரம். நாவலாசிரியர் வீட்டுப் பிள்ளை அல்லவா, சுற்றுப்புறம் இல்லாமல் பாத்திரம் இல்லை என்று தெரிந்திருக்கிறது என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். அவர் நிபுணர், காலையில் நடக்கப் போகிற நமக்கும் அவருக்கும் என்ன என்று சொல்லலாம். யானை நமக்கு வேண்டாம். ஓர் ஓணானை அது உட்கார்ந்திருக்கிற வேலியோடு சேர்த்து எடுக்க நிபுணத்துவம் எதற்கு?

இதெல்லாம் வெறும் ரசனைத் தகராறு என்று விட்டுவிட எனக்கு மனம் வராததற்குக் காரணம் அரிட்டாபட்டியேதான். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்தார்கள். அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேர். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் ராஜாளியும் உட்படச் சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே உண்டு என்று கணக்குக் காட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்த ஊரையும் உள்ளடக்கிய சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் தோண்டும் உரிமை ஏலம் போயிற்று என்று செய்தி வந்தது. சுற்றுவட்டாரம் முழுவதும் எழுந்தது. டிசம்பரில் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஜெயித்தது ஜனங்களின் எதிர்ப்பு, போட்டோக்கள் அல்ல. ஆனால் அப்படி ஒரு தகராறு வருகிறபோது இங்கே என்ன இருக்கிறது என்ற கேள்வி முதலில் வரும். 250 என்கிற எண் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதக்கூடியதல்ல. பலர் பல காலம் நடந்து பார்த்துக் குறித்து வைத்தால்தான் கிடைக்கும். பனிமூட்டத்துக்கு நடுவில் மிதக்கிற என் நண்பரின் ஆவாரம்பூ அந்தக் கேள்விக்கு ஒன்றும் சொல்லாது. கோணல் கண்மாய் ஏதாவது சொல்லும்.

ஒரே ஒரு விலக்கு மட்டும் உண்டு. கூட்டையும் குஞ்சையும் இடத்தோடு எடுத்து ஊருக்கெல்லாம் காட்டக் கூடாது. ஒருவர் காட்டினால் மறுநாள் ஐம்பது பேர் கிளையை ஒதுக்கிக்கொண்டு நிற்பார்கள், தாய்ப்பறவை திரும்பாது. போட்டோப் போட்டி நடத்துகிறவர்கள் பலர் கூட்டுப் படங்களை ஏற்பதேயில்லை. நியாயமான கண்டிப்பு.

மற்றபடி எதையும் வெட்ட வேண்டாம், கம்பியை அழிக்க வேண்டாம். பூவைக் கிட்டத்தில் எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். நான்கு அடி பின்னால் தள்ளி நின்று இன்னொன்றும் எடுத்தால் போதும். பிலிம் செலவா ஆகப்போகிறது? நண்பர்களுக்கு அனுப்புகிறபோதும் ஒரு விஷயம். செல்போன் படத்துக்குள்ளேயே எடுத்த தேதியும் நேரமும் எழுதிவைத்திருக்கும். அனுமதித்திருந்தால் இடமும் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அதையெல்லாம் உரித்துவிட்டு, அளவையும் சுருக்கித்தான் அது கொண்டுபோய்ச் சேர்க்கிறது. டாக்குமெண்டாக அனுப்பினால் உள்ளது உள்ளபடி போய்ச் சேரும். நண்பரிடம் அந்தக் கண்மாயை அப்படியே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆட்டின் முன்பாதி இல்லையே என்று அவருக்கு இன்னமும் கூச்சம்.