இசையமைக்கச் சொல்கிறார்கள், கற்றுத்தருகிறார்களா?

இசையைப் பாடமாக எடுத்த பதினாறு வயதுப் பிள்ளை சொந்தமாக இசையமைத்து, அதை ஒலிப்பதிவாக்கித் தேர்வுக்குத் தர வேண்டும் என்று ஒரு நாடு விதிப்பது சின்ன விஷயமல்ல. இங்கிலாந்தில் 1986இல் ஜிசிஎஸ்இ என்ற பொதுத்தேர்வுப் பாடத்திட்டம் பள்ளிகளுக்கு வந்தபோது இசைப் பாடம் வாசித்தல், இசையமைத்தல், கேட்டறிதல் என மூன்று கிளைகளாயிற்று. அதற்கு முந்தைய ஓ-லெவல், பெரும்பாலும் ஐரோப்பியச் செவ்வியல் இசையின் வரலாறும் ஹார்மனி விதிகளும் அறிந்த சிலருக்கான பாடம். இந்த மாற்றத்துக்கு மண்ணைப் பக்குவப்படுத்தியவர்களில் முக்கியமானவர்கள் ஜான் பெய்ன்டரும் பீட்டர் ஆஸ்டனும். ஓவிய வகுப்பில் வண்ணத்தைக் கையிலெடுக்கும் மாணவர் இசை வகுப்பில் ஒலியைக் கையிலெடுக்கட்டும் என்பதே 1970இல் அவர்கள் எழுதிய ‘சவுண்ட் அண்ட் சைலன்ஸ்’ நூலின் சாரம். இசையமைப்பதை மேதைகளின் தனிச்சொத்தாக வைத்திருந்த வழக்கத்தை அது உடைத்தது. அந்த அளவில் இந்த நடைமுறை சரியானதே. ஆனால் இசையமைப்பதைக் கட்டாயமாக்கிய அமைப்பு, அதைக் கற்றுத்தருவதில் அதே அக்கறை காட்டவில்லை.

தேர்வின் அமைப்பிலேயே இது தெரிகிறது. 2016 முதல் நடப்பில் உள்ள திட்டத்தில் வாசிப்புக்கு 30 விழுக்காடு, இசையமைப்புக்கு 30, கேட்டறிதலுக்கு 40. இசையமைப்பில் இரண்டு ஆக்கங்கள். ஒன்று தேர்வு வாரியம் தரும் குறிப்புக்கேற்ப, மற்றது மாணவர் விருப்பம். இரண்டும் சேர்ந்து குறைந்தது மூன்று நிமிடம். ஒலிப்பதிவோடு இசைக்குறிப்போ எழுத்து விளக்கமோ போகிறது. மதிப்பெண் முடிந்த பண்டத்துக்குத்தான். மாணவர் எதை எழுதினார், எதை வெட்டினார், ஏன் மாற்றினார் என்பதற்குத் தனி எடை இல்லை. மதிப்பெண் இல்லாத இடத்தில் வகுப்பு நேரமும் செலவாகாது என்பது எந்த ஊர்ப் பள்ளிக்கும் பொருந்தும் உண்மை. பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2023இல் வெளியிட்ட இசைப்பாட அறிக்கை, பார்வையிட்ட பெரும்பாலான பள்ளிகளில் இசையமைப்பில் மேம்படக் கற்பிப்பதே பாடத்திட்டத்தின் மிகப் பலவீனமான பகுதி என்றது. நாற்பது ஆண்டுகளை நெருங்கும்போது இப்படி ஒரு சான்றிதழ்!

கணினியால் வந்த வினை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. 2004இல் வந்த கராஜ்பேண்ட் போன்ற மென்பொருளில் ஒரு டிரம் லூப்பை இழுத்துப் போடலாம், மேலே ஒரு பேஸ் லூப், அதன் மேல் கிட்டார். சுருதியையும் வேகத்தையும் மென்பொருளே பொருத்திவிடும். எட்டு பார் பத்து நிமிடத்தில் தயார்; நகலெடுத்து ஒட்டினால் ஒன்றரை நிமிடப் பாட்டு. காதுக்கு உறுத்தாது. அதுதான் சிக்கல். எதுவும் உறுத்தாததால், மாணவருக்கு எதையும் தீர்மானிக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஆனால் அதே திரையில், ஒவ்வொரு டிராக்கின் பக்கத்திலும் மியூட் பொத்தான் இருக்கிறது. ஒன்பதாவது பாரில் பேஸை நிறுத்திப் பார், என்ன குறைகிறது, என்ன கூடுகிறது என்று ஆசிரியர் கேட்டால் அங்கிருந்து பாடம் தொடங்குகிறது. தாளில் ஹார்மனிப் பயிற்சி எழுதிய பழைய மாணவர்கள் பலருக்குத் தாங்கள் எழுதியதை உடனே கேட்கும் வாய்ப்புகூட இல்லை. திருத்திப் பார்க்க இவ்வளவு வசதியான கருவி முன்பு இருந்ததில்லை. அதைத் திருத்தப் பயன்படுத்தாதது கருவியின் குற்றமாகாது.

இலக்கணம் தெரியாமல் இயற்றலாமா என்பது அடுத்த ஆட்சேபம். சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று படியேறிய பிறகே கற்பனை ஸ்வரத்துக்கு வரும் கர்நாடக சங்கீத மரபில் வளர்ந்தவர்களுக்கு இது நியாயமாகவே படும். ஆண்டுக்கணக்கில் குருவிடம் இருக்கும் மாணவருக்கு அந்த வரிசை பொருந்தும். வாரத்துக்குச் சில மணி நேரமே கிடைக்கும் பள்ளியில் இலக்கணம் முடியட்டும் என்று காத்திருந்தால் பள்ளிப்படிப்பே முடிந்துவிடும். இசைக்கல்வி ஆய்வாளர் லூசி கிரீன் தம் ஆய்வில் காட்டியபடி, பாப் இசைக்கலைஞர்கள் பெரும்பாலும் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, நண்பர்களோடு வாசித்துத்தான் கற்றிருக்கிறார்கள். ‘மியூசிக்கல் ஃபியூச்சர்ஸ்’ திட்டம் அந்த வழியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது; ஆசிரியர் முதலில் விலகி நின்று கவனிப்பார், பிறகு வழிகாட்டுவார். இதில் முதல் பாதி எளிது, இரண்டாம் பாதிக்குத்தான் ஆசிரியருக்குத் தேர்ச்சி வேண்டும். கர்நாடக மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதுவே: படிவரிசையை அல்ல, ஒரு பிடி ராகத்தை விட்டு விலகியதுமே குரு நிறுத்தித் திருத்துவதை.

வாசிப்பு மதிப்பெண் வீட்டில் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்குச் சாதகம், இசையமைப்பாவது அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது, அதைக் கெடுக்காதீர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், கிட்டாரில் எட்டு கிரேடு முடித்தவரோடு போட்டியிட முடியாத பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கதவைத் திறந்துவிடுகிறது. ஆனால் முடிந்த பண்டத்தை மட்டும் மதிப்பிட்டால், வெளி உதவியை விலைக்கு வாங்கலாம் என்பதால், அந்தக் கதவும் பணம் உள்ளவர்களுக்கே அகலமாகத் திறக்கும். போதாக்குறைக்கு, ஒரு வரி தட்டினால் முழுப் பாட்டைத் தரும் செயலிகள் வந்துவிட்டன. ஒலிப்பதிவு இனி எதற்கும் சாட்சியல்ல. வரைவுகளையும் சேர்த்து மதிப்பிடலாமே என்றால், அவற்றையும் ஜோடிக்கலாம், ஆசிரியருக்கும் வேலை கூடும். அதைவிட, மாணவர் தன் சொந்த ஆக்கத்தைத் தேர்வுக்கூடத்தில் திறந்து, அங்கேயே தரப்படும் ஒரு நிபந்தனைக்கேற்ப ஒரு மணி நேரத்தில் மாற்றட்டும்: டிரம்ஸை நீக்கு, வேகம் குறையாதது போல ஒலிக்க வேண்டும். தன் பாட்டைத் தானே கட்டியவருக்கு எங்கே கை வைப்பது என்று தெரியும்.