பரமார்த்த குருவும் படித்தவர் சிரிப்பும்

வீரமாமுனிவரை நினைக்கும்போது நம் உள்ளம் முதலில் தேம்பாவணியையே நாடுகிறது. சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் அமைந்த அப்பெருங்காப்பியத்தின் அருகில், பரமார்த்த குருவின் கதை வெறும் சிறுவர் நகைச்சுவையாகத் தோன்றலாம். ஆயினும் அறிவுடையோரின் கடமை குறித்து அச்சிறு நூல் எழுப்பும் வினா சிறியதன்று.

கதை யாவரும் அறிந்ததே. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களோடு குரு ஆற்றைக் கடக்கிறார். கரையேறியபின் எண்ணும் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அனைவரும் அழுகிறார்கள். பிறர் குறைகளைக் கணக்கிடுவோர் தம்மைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம், அது பொருத்தமானதே. ஆனால் நூலின் கூர்மை வேறோரிடத்திலும் உண்டு. அந்த அறுவரை விடுத்து, அவர்கள் சந்திக்கும் அறிவுடையோரைச் சற்றுக் கவனிப்போம்.

ஆற்றங்கரைக்கு வரும் வழிப்போக்கன் உண்மையை உடனே உணர்ந்துகொள்கிறான். உணர்ந்ததை எடுத்துரைக்காமல், மந்திரத்தால் மீட்டுத் தருவதாகப் பணம் பேசுகிறான். ஒவ்வொருவரையும் அடித்து எண்ணி ஆறாக்கிக் காட்டுகிறான். பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விற்பவனும் இவ்வினத்தவனே. புரோகிதர் சற்று வேறுபட்டவர். தான் அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டும் சீடனை அவர் எச்சரிக்கிறார். ஆனால் குருவின் மரணம் எப்போது என்று வினவப்பட்டதும், இருக்கை குளிர்ந்தால் உயிர் நாசம் எனப் பொருள்படும் வடமொழித் தொடரொன்றைத் தந்துவிட்டு அகல்கிறார். அச்சொல் அச்சமாக வேரூன்றுகிறது. ஒருநாள் நனைந்து குளிர்ந்த குரு மயங்கி விழ, இறந்தார் என்றெண்ணிச் சீடர்கள் நீராட்ட, அந்நீராட்டிலேயே அவர் உயிர் பிரிகிறது. அறியாமை மட்டுமா அவரைக் கொன்றது? பொறுப்பின்றி வீசப்பட்ட கல்வியும் அன்றோ!

மாட்டின் நிழலுக்குக் கூலி கேட்டவனின் வழக்கைத் தீர்க்கும் பெரியவர் தம் அறிவை எளியவர் பக்கம் நிறுத்துகிறார். அத்தகையோர் இந்நூலில் அரியர். பேதைகளுக்குப் பொறுமையாகக் கற்பிக்கும் ஒருவரையும் ஆசிரியர் படைக்கவில்லை. நம் சிரிப்பு நம்மையறியாமல் ஏமாற்றுவோர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதனை நூலின் குறையென்றே கொள்ளவேண்டும்.

எனினும் நூல் பிறந்த நோக்கம் வேறு பாடம் சொல்கிறது. தமிழகத்திற்குப் புதிதாக வரும் மறைப்பணியாளர் மக்கள் பேசும் தமிழைக் கற்க உதவியாக, இலத்தீன் மொழிபெயர்ப்புடன் முனிவர் இதனை எழுதினார். காப்பியம் பாடிய நா தெருவின் பேச்சுக்கு இறங்கி வந்தது. அந்த இறக்கமே தாழ்ச்சி. கற்போர் மீது கொண்ட அன்பு. லூத்தர் சபையாரை மறுத்து அவர் எழுதிய கண்டன நூல்களில் இப்பரிவைக் காண்பது அரிது. ஆயினும் அவர் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடியிலிருந்த லூத்தரன் சபையாரின் அச்சகமே. கண்டனங்கள் பிரித்தவர்களை, பிறர்க்குப் பயன்பட எழுதிய நூலொன்று இணைத்தது.

சிலைகளுக்குப் படைத்த உணவு பற்றிக் கொரிந்து நகரில் எழுந்த சிக்கலில் தூய பவுல் கண்டதும் இதுவே. உண்பதில் தீங்கில்லை என்றறிந்தோர் அறிவில் தவறவில்லை. ஆனால் அவர்கள் துணிந்து உண்டது, மனச்சான்று வலுவற்ற சகோதரனுக்கு இடறலாயிற்று. அச்சகோதரனுக்காகவும் கிறிஸ்து இறந்தார் என்பதையே அவர் நினைவூட்டினார்.

இன்று நம் பங்குகளில் விவிலியப் பயிற்சி பெற்றோர் பெருகியுள்ளனர், இது மகிழ்ச்சிக்குரியது. அவர்களுள் ஒருவர், செபமாலை உருட்டும் மூதாட்டியின் நேர்ச்சையைக் கண்டு நகைக்கலாம்; அல்லது அருகமர்ந்து அவர் செபிக்கும் மறையுண்மையின் விவிலியப் பகுதியை வாசித்துக் காட்டலாம். இரண்டிற்கும் வேண்டிய அறிவு ஒன்றே. முன்னதைச் செய்பவர் ஆற்றங்கரை வழிப்போக்கனாகிறார். பின்னதைச் செய்பவர் நம் முனிவரின் சீடராகிறார். பரமார்த்த குருவைப் படித்துச் சிரித்து முடித்தபின், நாம் யார் பக்கம் நின்று சிரித்தோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அவ்வாறு எண்ணும்போது நம்மையும் சேர்த்தே எண்ணுவோம்.